ஆட்சி போயிற்று, அடுப்பு அணையவில்லை

 

இம்மாதம் உங்களை ஒரு பெருநாள் காட்சிக்கு அழைத்துச் செல்கிறேன். ஹிஜ்ரி 580ஆம் ஆண்டின் ஷவ்வால் முதற்பிறை. ஆங்கிலக் கணக்கில் 1185ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கம். இடம், இத்தாலியின் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் சிசிலித் தீவின் மேற்குக் கரைத் துறைமுகமான திராப்பானி. அங்கே முரசும் கொம்பும் முழங்க, முஸ்லிம்கள் தம் தலைவரோடு பெருநாள் திடலுக்குச் செல்கின்றனர். அரியணையில் இருப்பவரோ கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம். அவருடைய குடிகள் இதைத் தடுக்கவில்லை.

இதனைக் கண்டு வியந்து எழுதி வைத்தவர் இப்னு ஜுபைர். ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து புறப்பட்டு, ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பும் வழியில், மெஸ்ஸினா துறைமுகத்தருகே அவருடைய கப்பல் உடைந்தது. கரையேறப் படகுக்கூலி கொடுக்க இயலாது தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக மன்னரே பொருள் கொடுத்தார் என்பதையும் அவர் நன்றியோடு குறித்துள்ளார்.

அதே திராப்பானியில் அவர் கண்ட மற்றொரு காட்சி நெஞ்சை உருக்குவது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், பயணக் கூட்டத்திலிருந்த ஹாஜி ஒருவரிடம் தம் மகனை அனுப்பினார். "என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள். விரும்பினால் நீங்களே மணம் முடியுங்கள். இல்லையேல் உங்கள் நாட்டில் தகுந்தவருக்கு மணம் செய்து வையுங்கள். அவள் இந்நாட்டை விட்டுப் போனால் போதும்" என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம். தந்தையையும் உடன்பிறப்புகளையும் பிரிய அப்பெண்ணும் இசைந்தாள். பெற்ற மகளை முன்பின் அறியாத வழிப்போக்கரோடு அனுப்பத் துணிந்த அத்தகப்பனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வெளியே பெருநாள் முரசு ஒலித்தது; வீட்டினுள்ளே, "நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளாக நிலைப்பார்களா?" என்ற அச்சம் ஒலித்தது.

அந்த அச்சம் பொய்க்கவில்லை. ஆயினும் அத்தீவில் ஒன்று மட்டும் அழியாது நின்றுவிட்டது. அது கோட்டையன்று, கொடியன்று, அடுப்பங்கரை! சிசிலியின் ஊர்த் திருவிழாக்களையும் அவற்றின் விருந்துகளையும் நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

வந்ததும் சென்றதும்

கி.பி. 827ஆம் ஆண்டில், கைரவான் நகரத்துக் காழியாராக விளங்கிய அஸத் இப்னுல் ஃபுராத், அஃக்லபி அரசின் படையோடு சிசிலியின் மஸாரா கரையில் இறங்கினார். 831இல் பலெர்மோ முஸ்லிம்கள் வசமாயிற்று. 973ஆம் ஆண்டளவில் அந்நகரைக் கண்ட இப்னு ஹவ்கல் என்னும் பயணி, அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதுகிறார். அந்நகரத்தார் பச்சை வெங்காயத்தை அளவின்றித் தின்று அறிவை மழுங்கடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் ஏசவும் தவறவில்லை!

பின்னர் நார்மானியர் வந்தனர். 1072இல் பலெர்மோவும் 1091இல் கடைசிக் கோட்டையான நோட்டோவும் அவர்கள் கைக்குச் சென்றன. தொடக்கத்து நார்மானிய மன்னர்கள் அரபு அறிஞர்களை ஆதரித்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நெருக்கடி முற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் எஞ்சியிருந்த முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலிப் பெருநிலத்தில் லூசெரா என்னும் ஊரில் குடியேற்றினார். 1300ஆம் ஆண்டில் அக்குடியிருப்பும் கலைக்கப்பட்டது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்த முந்நூறு பள்ளிவாசல்களுள் ஒன்றேனும் இன்று தொழுமிடமாக எஞ்சவில்லை.

இவ்வளவுதான் வரலாறு. இனி விருந்துக்கு வாருங்கள்.

திராப்பானியின் குஸ்குஸ்

இத்தாலியில் சிற்றூர் தோறும் "சாக்ரா" எனப்படும் விழா உண்டு. புனிதம் என்னும் பொருளுடைய பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஓர் ஊருக்குப் பேர் தந்த விளைபொருளையோ உணவையோ முன்னிறுத்தி, தெருவில் அடுப்பு மூட்டி, ஊரார் கூடி உண்ணும் நாள் அது. ஓரூரில் பிஸ்தா, வேறோர் ஊரில் மீன், மற்றோர் ஊரில் ரொட்டி!

திராப்பானியை அடுத்த சான் வீட்டோ லோ காப்போ என்னும் கடற்கரை ஊரில் கொண்டாடப்படுவது குஸ்குஸ் விழா. 1998இல் தொடங்கிய இவ்விழா செப்டம்பர் மாதத்தில் நடைபெறும். கடலின் பல கரைகளிலிருந்தும் சமையற்கலைஞர்கள் வந்து தத்தம் நாட்டு முறையில் குஸ்குஸ் சமைத்துப் போட்டியிடுவர். விழா அண்மைக் காலத்தது. உணவோ மிகப் பழையது. இதனை முதலில் ஆக்கியவர்கள் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்கள். 2020ஆம் ஆண்டில் அல்ஜீரியா, மொராக்கோ, மௌரித்தானியா, துனீசியா ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு வேண்டுகோளின் பேரில், குஸ்குஸ் பற்றிய அறிவும் வழக்கமும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன.

திராப்பானிப் பெண்கள் இதைச் செய்யும் முறையைக் கேட்டால், "இது நம் வீட்டுக் கைவேலை போலிருக்கிறதே!" என்பீர்கள். அகன்ற மண்சட்டியில் கோதுமை ரவையைக் கொட்டி, சிறிது சிறிதாக நீர் தெளித்து, புட்டுக்கு மாவு விரவுவது போல் விரல் நுனிகளால் சுழற்றிச் சுழற்றிச் சிறு மணிகளாகத் திரட்டுவர். அடியில் துளைகளுள்ள மண்பானையில் அதை இட்டு, கொதிநீர்ப் பானையின் மேல் ஏற்றி, இரண்டும் சேருமிடத்தை மாவு பூசி அடைப்பர். பிரியாணிக்குத் தம் போடுவோர் அறிந்த வித்தைதான் இது. ஆவியில் வெந்த பிறகு மீன் சாற்றை ஊற்றிக் கம்பளியால் போர்த்தி வைப்பர். சாறு முழுதும் ஊறிய பின்னரே பரிமாறுவர். துனீசியாவில் இறைச்சிக் குழம்பு மிகுதி. திராப்பானியில் மீன் சாறே தலைமை. கடல் அருகிலிருக்கையில் வேறெதைத் தேடுவது?

இந்த வேலையை எந்த நூலைப் பார்த்தும் கற்க முடியாது. எவ்வளவு நீர், எந்த வேகம் என்பதைத் தாயின் விரல்களைப் பார்த்து மகளின் விரல்கள்தாம் கற்க வேண்டும். பெருநாள் முரசு ஒலித்த திராப்பானியில் தொழுகை வரிசைகள் மறைந்தன. இந்த விரல்களின் அசைவு மறையவில்லை.

வீண்பெருமை வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை. "சிசிலியில் உள்ள நல்லுணவெல்லாம் நம்மவர் தந்ததே" என்று மார்தட்டிக்கொள்வது நேர்மையாகாது. திராப்பானிக் குஸ்குஸ் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இடையறாது வந்ததா, பிற்காலத்தில் துனீசியக் கரையோடு இருந்த வணிக, மீன்பிடித் தொடர்பால் வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகம், உலர்திராட்சை, குங்குமப்பூ கலந்து பலெர்மோவில் ஆக்கும் பாஸ்தாவை, 827இல் வந்திறங்கிய படையின் சமையற்காரர் கையில் கிடைத்ததைக் கொண்டு ஆக்கினார் என்று ஒரு கதை சொல்வர். சுவையான கதைதான்; சான்றில்லை.

சான்றுள்ள செய்தி வேண்டுமா? மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் நிறைவுற்ற தம் புவியியல் நூலில், பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரைப் பற்றி அல்இத்ரீஸி எழுதுகிறார். அவ்வூரில் "இத்ரிய்யா" என்னும் உலர்ந்த மாவுணவு மிகுதியாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலேறியது என்கிறார். இன்று உலகமே இத்தாலியின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பாஸ்தாவின் வரலாற்றில் இது மிக முக்கியமான பழங்குறிப்பு.

சொற்களும் சான்று கூறும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நீர் தேக்கும் தொட்டியைச் சிசிலி உழவர் "ஜெபியா" என்கின்றனர், அரபியில் "ஜாபியா". ஆரஞ்சு மரத்தின் பூ "சாகரா", அரபியில் "ஸஹ்ர்". எள்ளும் தேனும் சேர்த்துச் செய்யும் பண்டிகை மிட்டாய்க்குப் பெயர் "ஜுஜ்ஜுலேனா". எள்ளின் அரபுப் பெயர் "ஜுல்ஜுலான்". எத்னா எரிமலையின் மேற்குச் சரிவிலுள்ள புரோந்தே ஊரார் பிஸ்தாவுக்கு வழங்கும் "ஃபிராஸ்துகா"வும் அரபு "ஃபுஸ்துக்"கின் வழிவந்ததே. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை இடுக்கில் வேரூன்றும் அம்மரங்களில் ஈராண்டுக்கு ஒருமுறையே அறுவடை. ஆனால் விழா மட்டும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் உண்டு! சூரை மீன் பிடிக்கும் பெருவலைக் கூட்டத்தின் தலைவரையும் அவர்கள் "ரயிஸ்" என்றே அழைத்தனர்.

ஏழைக்கே முதல் பந்தி

பிறருடைய திருவிழாக்களில் நாம் கலந்துகொள்வதில்லை. அவை அவர்களுடைய நம்பிக்கையைச் சார்ந்தவை. ஆனால் அவற்றில் விளங்கும் மனிதப் பண்பை அறிந்து மதிப்பதில் தடையேதும் இல்லையே!

மார்ச் 19ஆம் நாள் புனித சூசையப்பர் திருநாள். மர்யம் (அலை) அவர்களுக்குத் துணையாக நின்ற தச்சர் என்று கிறிஸ்தவர்கள் போற்றுபவர் அவர். அன்று திராப்பானி மாவட்டத்தின் சலேமி என்னும் ஊரில் வீட்டுக்கு வீடு ரொட்டிப் பந்தல் எழும்பும். பச்சிலைக் கொத்துகளும் எலுமிச்சைகளும் ஆரஞ்சுப் பழங்களும் தொங்கும் அப்பந்தலில் பூ, பறவை, மீன், ஏணி, சுத்தியல் எனப் பல வடிவங்களில் சுட்ட சிறு ரொட்டிகளை அடுக்கியிருப்பர். பெண்கள் பல நாள் கூடியிருந்து, கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டு மாவில் செதுக்கும் வேலை அது. அவர்களுக்கு அது நோன்புக் காலமாதலால் இறைச்சி சமைப்பதில்லை. பாஸ்தாவின் மேல் வறுத்த ரொட்டித் தூளைத் தூவுவர். தச்சரின் மரத்தூளுக்கு அது அடையாளமாம்.

இனிக் கவனியுங்கள். அந்த விருந்தில் முதலில் உண்பவர் வீட்டுத் தலைவரல்லர், ஊர்ப் பெரியவருமல்லர். இயேசுவின் குடும்பத்தாராக வேடமேற்ற சிறுவர்களே முதலில் அமர்வர். வழக்கப்படி அவர்கள் ஏழைக் குடும்பங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு பண்டத்திலும் அவர்கள் சிறிது உண்டு முடித்த பிறகே மற்றவர்கள் கை நனைப்பர். பெருநாள் தொழுகைக்குப் போகுமுன்பே ஃபித்ராவை ஏழையின் கையில் சேர்க்கக் கடமைப்பட்ட நமக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமா? நம் வலீமா விருந்துகளில் ஏழை உறவினர் எந்தப் பந்தியில் அமர்கின்றனர் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்!

டிசம்பர் 13ஆம் நாள் புனித லூசியா திருநாள். அன்று பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தீண்டமாட்டார்கள். முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து, ரிக்கோட்டா என்னும் மென்மையான பால்திரட்டும் சர்க்கரையும் கலந்து "குச்சியா" என்று உண்பர். அரிசி உருண்டையும், கடலை மாவில் செய்த வடையும் அன்றைய மற்ற உணவுகள். பஞ்சம் வாட்டிய ஓராண்டில் இந்நாளில் கோதுமைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததாம். மாவாக்கக்கூடப் பொறுமையின்றி மக்கள் மணிகளை அப்படியே அவித்துத் தின்றனராம். ஆண்டுக்கொரு நாள் ரொட்டியைத் தவிர்ப்பதன் மூலம் பாட்டனார் பட்ட பசியைப் பேரப்பிள்ளைக்கு உணர்த்துகின்றனர்.

பலெர்மோவின் தெருக்களில்

1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் சூறையாடியது. அதனின்று நகரைக் காத்தவர் என்று மக்கள் நம்பும் புனித ரோசலியாவின் விழா ஜூலை 14 இரவில் பெருந்தேரோடு நடைபெறும். தேர் புறப்படுவது நகரின் தலைமைப் பேராலயத்தின் அருகிலிருந்து. அப்பேராலயத்தின் தென்வாயில் மண்டபத் தூண் ஒன்றில் திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்து 54ஆம் வசனம் அரபு எழுத்தில் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது! தெருவெங்கும் வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும் அவித்த சோளமும் தர்ப்பூசணியும் விற்கும் அவ்விரவில், எத்தனை பேர் அத்தூணை நிமிர்ந்து பார்ப்பார்களோ!

நம் மொழியின் ஒலியையும் அங்கே கேட்கலாம். 1980களிலிருந்து இலங்கைப் போரின் கொடுமையால் புலம்பெயர்ந்த தமிழர் பலர் பலெர்மோவில் வாழ்கின்றனர். ரோசலியாவின் குகைக்கோயில் உள்ள பெல்லகிரீனோ மலைக்கு ஏறுவோரில் தமிழ்க் கிறிஸ்தவர்களோடு தமிழ் இந்துக்களும் உண்டு. ஊரிழந்தோர் புதிய ஊரின் திருவிழாவில் தமக்கோர் இடம் தேடிக்கொள்வது மனித இயல்பு போலும்!

பலெர்மோவில் மார்த்தொரானா என வழங்கும் தேவாலயத்தை 1184ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இப்னு ஜுபைர் கண்டார். அந்நாளில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்து, முகத்திரையிட்டு, சரளமாகப் பேசிச் சென்றதைக் கண்டு வியந்தார். பிற்காலத்தில் அதனருகே இருந்த கன்னியர் மடத்தில் வாதுமை மாவும் சர்க்கரையும் கொண்டு உண்மைக் கனி போலவே இனிப்புகள் செய்தனர். அவை இன்றும் மார்த்தொரானாக் கனிகள் எனப்படுகின்றன. நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளில், "பாட்டனார் அனுப்பியது" என்று சொல்லிக் குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுப்பர். மறைந்தவர் பெயரால் ஓர் இனிப்பு. கூடவே அவரைப் பற்றி ஒரு பேச்சு!

பெயர் மட்டும் போதாது

இத்தனையும் படித்து, "ஆகா, நம் மரபு வாழ்கிறது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மறுபக்கமும் உண்டு. "ஸபீப்" என்றால் உலர்திராட்சை. அதன் வழிவந்த "ஸிபிப்போ" என்னும் பெயர் இன்று ஒரு திராட்சைக்கும் அதிலிருந்து வடிக்கும் மதுவுக்கும் வழங்குகிறது. "மர்ஸா" என்ற அரபுச் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். அதனைப் பெயரில் தாங்கிய மர்ஸாலா நகரம் உலகெங்கும் அறியப்படுவது மதுவால்! குழல் போன்ற கன்னோலி இனிப்பின் ஓட்டு மாவில் பன்றிக் கொழுப்பும் மர்ஸாலா மதுவும் சேர்ப்பது பழைய முறை. சிசிலிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பெயரில் அரபு மணக்கிறதே என்று நம்பி வாயில் இட்டுவிட வேண்டாம், கேட்டறிந்து உண்ணட்டும்.

எண்ணிப் பாருங்கள். பண்டம் நின்றது, பண்பாடு மாறியது. சொல் நின்றது, பொருள் புரண்டது. கையின் பழக்கத்தைத் தாய்மார் மகளிர்க்குக் கொடுத்தனர். ஆனால் "இதை ஏன் செய்கிறோம், எதை விலக்குகிறோம்" என்பதைச் சொல்லிக் கொடுக்க உரியவர்கள் நாடு கடத்தப்பட்டுவிட்டனர். பொருளைச் சொல்வார் இல்லாத வீட்டில் சுவை மட்டுமே மிஞ்சும்.

திராப்பானித் தகப்பனுக்கு மகளைக் கப்பலேற்றுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ்! நம் பிள்ளைகள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றனர். அவர்களை அருகில் அழைத்து நோன்புக் கஞ்சியைக் கிண்டச் சொல்லுங்கள். கிண்டும்போதே, அக்கஞ்சி அண்டை வீட்டுக்கு ஏன் போகிறது என்பதையும் சொல்லுங்கள். பெருநாள் பலகாரத்துக்கு மாவு பிசையச் சொல்லுங்கள். பிசையும்போதே ஃபித்ரா யாருக்குரியது என்பதையும் சொல்லுங்கள். கரண்டியைக் கொடுக்கும் கை, காரணத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

மஸாராவின் இன்றைய காட்சியோடு முடிக்கிறேன். அஸத் இப்னுல் ஃபுராத் இறங்கிய அதே கரைக்கு, 1960களின் இறுதியிலிருந்து துனீசிய முஸ்லிம்கள் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்ய வந்து குடியமர்ந்தனர். இம்முறை படையோடு அல்ல; வலையோடு! அவ்வூரில் இன்று துனீசிய வீட்டிலும் குஸ்குஸ் ஆவியில் வேகிறது. சிசிலியர் வீட்டிலும் வேகிறது. சிசிலியர் வீட்டில் அது பழைய சுவை. துனீசியர் வீட்டில் அதனோடு "பிஸ்மில்லாஹ்" என்ற சொல்லும் சேர்ந்தே பரிமாறப்படுகிறது. அச்சொல் அடுத்த தலைமுறையிலும் நிலைப்பது அவ்வீட்டுத் தாய் தந்தையரின் பொறுப்பு. நம் வீட்டில் நிலைப்பது நம் பொறுப்பு.